தூள் கிளப்பிய கோப்பைக்காரர்

வக்கீல் நெஞ்சில் அடித்துக்கொண்டதுதான் வினையாகப் போயிற்று.

புதுக் கோட்டு. கறுப்பென்றால் அப்படி ஒரு கறுப்பு. காலையில்தான் தையல்காரியிடம் வாங்கி மாட்டிக்கொண்டு கோர்ட்டுக்குப் போயிருந்தார். வாதம் சூடு பிடித்தது. "என் கட்சிக்காரர் ஒரு பாவமும் அறியாதவர், ஐயா!" என்று உரக்கச் சொல்லி, உள்ளங்கையால் தன் மார்பில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். மார்பிலிருந்து வெள்ளையாக ஒரு மேகம் கிளம்பியது. அது அவசரப்படவில்லை. நிதானமாகச் சுருண்டு, ஜன்னல் வெயிலில் கொஞ்ச நேரம் நின்று அழகு காட்டிவிட்டு, நீதிபதியின் மேசைப் பக்கம் நகர்ந்தது. நீதிபதி ஆறு தடவை தும்மினார். வழக்கைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போனார்.

மத்தியானம் வக்கீல் செத்த எலியைப் பிடித்திருப்பதுபோல் கோட்டை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு தையல்காரியின் வாசலில் வந்து நின்றார்.

"இருபது வருஷமா கோர்ட்டுல தூள் கிளப்பணும்னு ஆசைப்பட்டேன்மா. இன்னிக்குக் கிளப்பிட்டேன். நிஜமாவே."

தையல்காரி கோட்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். தோள்பட்டையில் விரலை வைத்து இழுத்தாள். விரல் வெளுத்தது.

"இது எங்க வீட்டுக்காரர்," என்றாள்.

வக்கீல் கோட்டை உற்றுப் பார்த்தார். "எதும்மா?"

"தூசிங்க. அவர் பண்ற வேலை. சாயங்காலம் வாங்க, ஈரத்துணியால ஒத்தி எடுத்து வைக்கிறேன். அதுவரைக்கும் தட்டாதீங்க. தட்டினா மூச்சுல போகும்."

வீட்டின் முன்னறையில் அவள் தையல் மிஷின். நடுவே ஒரு நடை. நடையின் கோடியில் ஒரு கதவு. கதவுக்கு அந்தப்பக்கம் பட்டறை. பட்டறைக்குள் பதினாலு வருஷமாக அவள் புருஷன். கோப்பை, தட்டு, கிண்ணம், ஜாடி என்று மண்ணைப் பிசைந்து சுட்டுக் கொடுப்பவர். தெருவில் எல்லோருக்கும் அவர் கோப்பைக்காரர். கறுகறுவென்று நீளமான தாடி. ஆனால் அது கறுப்பு என்பது ஞாயிற்றுக்கிழமை தலைக்குக் குளித்த பிறகுதான் தெரியும். மற்ற நாட்களில் மத்தியானத்துக்குள் வெளுத்துவிடும். வாரத்தில் ஆறு நாள் அறுபது வயசு, ஒரு நாள் நாற்பத்தைந்து. அப்படி ஒரு வாழ்க்கை.

அவள் கோட்டோடு கதவைத் திறந்தபோது மணி இரண்டேகால். கோப்பைக்காரர் கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்து, தலையைச் சாய்த்து, அரைக்கண் மூடி, சிரித்துக்கொண்டிருந்தார்.

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அந்தப் பட்டறையின் கூரையில் ஒரு கண்ணாடிச் சதுரம் உண்டு. இரண்டு மணியிலிருந்து மூன்று மணிவரை வெயில் அதன் வழியாகச் சாய்வாக, தூண் மாதிரி உள்ளே இறங்கும். ஒன்றே முக்காலுக்கே கோப்பைக்காரர் காய்ந்த துடைப்பத்தை எடுத்துத் தரையைப் பெருக்கிவிடுவார். சுத்தத்துக்காக இல்லை. பெருக்கினால் களிமண் பொடியும் வெள்ளைக் கல்பொடியும் எழும்பும். எழும்பியது தூணுக்குள் வந்து மினுங்கும். மினுங்கியது மெல்லச் சுழலும். சுழல்வதில் யானை வரும், தோட்டம் வரும், தாவணி உலர்த்தும் பெண் வருவாள், முகம் தெரியாத யாரோ மாடிப்படி ஏறிப் போவார்கள். எந்தப் படி, எந்த மாடி என்று கேட்கக் கூடாது. அவருடைய நல்ல ஜாடிகளின் வளைவெல்லாம் அந்தத் தூணிலிருந்து எடுத்தவைதான். அவரே அப்படித்தான் நம்பினார்.

"என்னங்க பண்றீங்க?"

"உஷ். கப்பல் போகுது."

"அந்தக் கப்பல்ல பாதி இந்தக் கோட்டுல ஏறி கோர்ட்டுக்குப் போயிட்டு வந்துருக்கு."

"கோர்ட்டுக்கா? எதுக்கு?"

அவள் சொன்னாள். நீதிபதி தும்மிய இடத்தில் அவர் சிரித்துவிட்டார். அவள் சிரிக்கவில்லை. அவர் சிரிப்பைப் பாதியில் மடித்து உள்ளே வைத்துக்கொண்டார்.

"மண்ணுதானேம்மா. மண்ணு என்ன பண்ணும்?"

அவள் கோட்டை நாற்காலி முதுகில் போட்டாள். போடும்போதும் தட்டவில்லை.

"எங்கண்ணனும் இதையேதான் சொன்னான். கல்லு அறுக்குற பட்டறையில இருந்தப்போ. கல்லுதானே, என்ன பண்ணும்னு. கடைசி வருஷம் ஒரு சட்டைக்கு பட்டன் போட்டு முடிக்கிறதுக்குள்ள நாலு தடவை உக்காந்து எந்திரிச்சான். மூச்சு பத்தல. நான்தான் பட்டனையெல்லாம் கழட்டிட்டு ஒரே ஒரு கொக்கி வெச்சுக் குடுத்தேன். உங்க பொடியில இருக்குறதும் அதே கல்லு சரக்குதான். கண்ணுக்குத் தெரியுற தூசி மூக்கோட நின்னுடும். கண்ணுக்குத் தெரியாதது மணிக்கணக்கா காத்துலயே நிக்கும். உள்ள போனா வெளிய வராது."

கப்பல் கலைந்து தூணின் அடியில் இறங்கிக்கொண்டிருந்தது. கோப்பைக்காரர் எழுந்து அவள் வெளுத்த விரலைத் தன் சட்டையில் துடைத்துவிட்டார். துடைத்ததில் விரல் இன்னும் வெளுத்தது.

"இனிமே நீ சொல்றபடி," என்றார். நெஞ்சாரத்தான் சொன்னார்.

அவள் அப்போதே சொல்லிவிட்டாள். காய்ந்த துடைப்பம் இனி அந்தக் கதவைத் தாண்டாது, ஈரத்துணிதான். பொடியைத் தூக்கிக் கொட்டக் கூடாது. பையைத் தண்ணீருக்குப் பக்கத்தில் இறக்கி, தண்ணீருக்குள் மெல்லச் சரியவிட்டு, தானே ஊறட்டும் என்று விட வேண்டும். காய்ந்த கோப்பையின் வாயை உப்புத்தாளால் தேய்க்கக் கூடாது, ஈரமாக இருக்கும்போதே ஸ்பாஞ்சால் வழித்துவிட வேண்டும். வாயால் ஊதவே கூடாது. பட்டறைச் சட்டை பட்டறையோடு. பொடியைத் தொடும் நேரமெல்லாம் மாஸ்க். மறுநாளே ஒரு நல்ல மாஸ்க் வாங்கி வந்து ஆணியில் மாட்டினாள்.

கோப்பைக்காரர் இரண்டு நாள் ஒழுங்காக இருந்தார். மூன்றாம் நாள் இரண்டு மணிக்கு வெயில் இறங்கியது. தூண் வந்தது. உள்ளே யாருமே வரவில்லை. ஒரு கொசு மட்டும் குறுக்கே போயிற்று.

அன்று சாயங்காலம் வாசற்படியில் டீயைக் கையில் வைத்துக்கொண்டு அவர் ஒரு மாபெரும் தீர்மானம் செய்தார். மனைவிக்குக் கீழ்ப்படிவது, ஆனால் கீழ்ப்படியாமலிருப்பது. அதாவது, வெளியே அடிமை, உள்ளே சுதந்திரம். சுருக்கமாகச் சொன்னால், அவள் கண்ணில் மண்ணைத் தூவுவது. அவரிடம் மண்ணுக்கா பஞ்சம்?

திட்டம் எளிமையானது. பரணில் கிடந்த பழைய துடைப்பம் ஒன்று சூளைக்குப் பின்னால் குடியேறியது. ஒன்றே முக்காலுக்குப் பெருக்கல், மூன்று மணிவரை கனவு, நாலரைக்குத் தரையெல்லாம் ஒரு வாளித் தண்ணீர் தெளித்தால் ஈரத்துணி போட்ட மாதிரியே இருக்கும். மாஸ்க்கை ஆணியிலிருந்து எடுத்து, பொடியில் ஒரு புரட்டுப் புரட்டி, மறுபடி மாட்டிவிட்டால் நாள் பூரா உழைத்த களைப்பு அதற்கு வந்துவிடும். இதைப் பற்றி யாரிடமும் அவர் மூச்சு விடவில்லை.

"இன்னிக்கு எப்படி இருந்துச்சு?" என்று அவள் தினமும் கேட்டாள்.

"ஈரமோ ஈரம். வழுக்கி விழப் பாத்தேன்."

"பாவம். ஜாக்கிரதையா இருங்க," என்று அவளும் டீ ஊற்றிக் கொடுத்தாள்.

ஒரு வாரம் சொர்க்கம். ஞாயிற்றுக்கிழமை தலைக்குக் குளித்து, நாற்பத்தைந்து வயசுக்காரராக வந்து உட்கார்ந்தவருக்கு முன்னால் அவள் ஆறு துண்டுக் கறுப்புத் துணியை வரிசையாகப் பரப்பினாள். கோட்டு வெட்டியதில் மிஞ்சிய துண்டுகள், உள்ளங்கை அகலம். தினம் ஒன்றாக, நடையில் பட்டறைக் கதவு நிலைக்கு மேல் வைத்து எடுத்திருக்கிறாள்.

"இது திங்கட்கிழமை. என்ன தெரியுது?"

"கறுப்புத் துணி."

"அது ஓரம். ஓரத்துல தூசி படாம நான் குண்டூசிப் பெட்டி வெச்சிருந்தேன். நடுவுல பாருங்க."

"நடுவுல... கொஞ்சம் வெளுத்த கறுப்பு."

"காஞ்ச துடைப்பம். ரெண்டு மணிக்கு முன்னாடி. இது செவ்வாய், பாருங்க, இன்னும் நைசா இருக்கு. கோப்பை வாயை உப்புத்தாள்ல தேய்ச்சீங்க. இது புதன்."

"சுத்தமா இருக்கே!" என்றார் அவர் பெருமையோடு.

"அன்னிக்கு நீங்க வேலையே செய்யல. தூங்கினீங்க."

கோப்பைக்காரர் வியாழக்கிழமையைத் தானே கையால் மூடிக்கொண்டார்.

"ஆனா மாஸ்க் போட்டேனே! நீயே பாரு, எவ்ளோ அழுக்கு!"

"பாத்தேங்க. மாஸ்க் போட்டா வெளிப்பக்கம்தான் தூசி இருக்கும். உங்க மாஸ்க்ல உள்பக்கமும் இருக்கு. அந்தப் பக்கமா மூச்சு விட்டீங்களா?"

மறுநாள் காலை அவள் அவரைக் கையோடு கூட்டிக்கொண்டு, தொழிலாளிகளுக்கான கையுறை, பூட்ஸ், மாஸ்க் விற்கும் கடைக்குப் போனாள். கடைக்காரம்மா மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தாள். முகத்தைப் பார்க்கவில்லை. தாடியைப் பார்த்தாள்.

"இந்தத் தாடியோட எந்த மாஸ்க்கும் பிரயோஜனம் இல்லைங்க. மாஸ்க் ஓரம் தோலோட ஒட்டணும். முடி நடுவுல வந்தா காத்து அந்த வழியா உள்ள போயிடும்."

"மத்தவங்க தாடி அப்படி இருக்கலாம். என் தாடி நைசு தாடி."

"சோதிச்சுப் பாத்துடலாம். நாக்குல ருசி தெரிஞ்சா காத்து உள்ள வருதுன்னு அர்த்தம்."

மாஸ்க்கைப் போட்டு, அதற்கு மேல் ஒரு கண்ணாடிக் கூடு மாதிரி ஒன்றைத் தலையில் கவிழ்த்தாள். கூட்டிலிருந்த சின்ன ஓட்டை வழியாக எதையோ புஸ்ஸென்று அடித்தாள். உள்ளே உலகமே பனிமூட்டமாகி, அவர் மனைவி தூரத்தில் ஒரு மலைமேல் நிற்பது போலத் தெரிந்தது. அவருக்கு அது பிடித்திருந்தது.

"இனிக்குதா?" மலையிலிருந்து குரல் வந்தது.

"இல்லையே."

"அப்ப எதுக்குச் சப்புக் கொட்டுறீங்க?"

"அது... பழக்கம்."

கடைக்காரம்மா வேறொரு குப்பியை எடுத்து அடித்தாள். இது கசப்பு. கோப்பைக்காரர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சொல்லும் நிலையில் அவர் முகம் இல்லை. மூக்கு ஒரு பக்கமும் கண் ஒரு பக்கமுமாகப் பிரிந்து போயிருந்தது.

கூட்டைக் கழற்றியதும் அவர் வீரமாக எழுந்து நின்றார். பதினெட்டு வருஷத் தாடி. அதைப் பார்த்துத்தான் நாலு பேர் அவரைக் கலைஞன் என்று நம்புகிறார்கள்.

"தாடியை எடுக்க மாட்டேன். அவ்வளவுதான். தூசி வந்தாதானே மாஸ்க்? தூசியே வராம வேலை செஞ்சா மாஸ்க் எதுக்கு? மண்ணை ஈரமாவே வாங்குறேன். கோப்பை மேல பூசுற பளபளப்புப் பூச்சையும் கரைச்சதாவே வாங்குறேன். துடைக்கிறது, வழிக்கிறது எல்லாமே ஈரம். ஒரு பொட்டுத் தூசி பறக்காது. அப்ப என்ன பண்ணுவீங்க?"

இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அது ரொம்பக் கஷ்டமாச்சே. உங்களால முடியாதுங்க," என்றாள் மனைவி கவலையோடு.

"முடியாதா? யாரைப் பாத்து? சத்தியம்!"

வீட்டுக்குப் பாதி தூரம் வந்த பிறகுதான், மாஸ்க் ஒன்றைத் தவிர அவள் கேட்ட அத்தனைக்கும் தான் சத்தியம் செய்து கொடுத்துவிட்டது அவருக்கு உறைத்தது. நடுத்தெருவில் நின்றார். அவள் திரும்பி, "கால் வலிக்குதா?" என்று கேட்டாள்.

ஆனால் புதுசாகத் தூசி வராமலிருந்தால் போதுமா? பதினாலு வருஷத் தூசி உள்ளே இருக்கிறதே. அலமாரிமேல், உத்தரத்தில், சூளைக்கு அடியில், சுவரின் ஒவ்வொரு சொரசொரப்பிலும். அதை எடுக்கும்வரை மாஸ்க் இல்லாமல் யாரும் உள்ளே போகக் கூடாது என்றாள் அவள். தாடிக்காரர் ஜன்னலுக்கு வெளியே நிற்க வேண்டியதாயிற்று. அவள் மாஸ்க் போட்டு, தலையில் துணி கட்டி, வாளியும் ஈரத்துணியுமாக உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். மிச்சமிருந்த பொடி மூட்டைகளை அவிழ்க்காமல் அப்படியே பெரிய டிரம்மில் இறக்கி மூடினாள். பிறகு மேலிருந்து கீழாகத் துடைக்க ஆரம்பித்தாள்.

வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்ட பையனைப் போல் அவர் கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்தார். உள்ளே அவள் தண்ணீருக்கடியில் நடப்பவளைப் போல மெதுவாக நகர்ந்தாள். எதையும் உதறவில்லை, எதையும் தட்டவில்லை. ஒற்றி எடுத்தாள், அலசினாள், மறுபடி ஒற்றினாள். மழை வந்து ஒவ்வொரு இலையாகத் தொடுவது மாதிரி இருந்தது. முதல் வாளித் தண்ணீர் பால் மாதிரி வெளியே வந்தது. இரண்டாவது கூழ் மாதிரி. மூன்றாவது வாளியை அவள் இரண்டு கையாலும் தூக்க முடியாமல் தூக்கிவந்து கதவருகே வைத்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

இது இவ்வளவும் என்னுடையது என்று நினைத்தார் கோப்பைக்காரர். பதினாலு வருஷம் நான் பார்த்த யானையும் தோட்டமும் கப்பலும் இந்த வாளியில் இருக்கின்றன. அவள் தூக்குகிறாள்.

அவர் அங்கே நிற்கவில்லை. நேராகச் சவரக் கடைக்குப் போனார். "எவ்வளவு எடுக்கட்டும்?" என்று கேட்டவரிடம் "கேக்காதீங்க, எடுங்க" என்று கண்ணை மூடிக்கொண்டார். அங்கிருந்து மாஸ்க் கடைக்கு ஓடினார். கன்னத்தில் காற்று பட்டு, யாரோ புது ஊரில் புது வாழ்க்கை வாழ்கிற மாதிரி இருந்தது.

கடைக்காரம்மா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மேசைக்கு அடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து வைத்தாள்.

"உங்க அளவுதான். உங்க வீட்டம்மா அன்னிக்கே எடுத்து வைக்கச் சொல்லிட்டாங்க."

"அன்னிக்கேவா? அன்னிக்கு நான் தாடியை எடுக்கவே மாட்டேன்னு சத்தியம் பண்ணினேனே!"

"ஆமாங்க. மூணு வாளிக்கு மேல தாங்க மாட்டார்னு சொன்னாங்க. எந்த வாளின்னுதான் எனக்குப் புரியல."

கூட்டைக் கவிழ்த்துச் சோதித்தபோது இனிக்கவுமில்லை, கசக்கவுமில்லை. வெறும் காற்று, அதன் ருசியே இல்லாத ருசியோடு. மாஸ்க்கோடு பட்டறைக்குள் நுழைந்து அவர் துணியை வாங்கியபோது அவள் ஒரு அடி பின்வாங்கினாள்.

"யாருங்க நீங்க?"

"புதுசா வேலைக்கு வந்திருக்கேன்மா."

அவள் கண்கள் மட்டும்தான் வெளியே தெரிந்தன. அவை சிரித்தன. மூன்று வாளியை அவரும் தூக்கினார்.

பட்டறை பளிச்சென்று ஆயிற்று. வேலையும் ஒழுங்காக நடந்தது. ஈர மண் பொட்டலம் பொட்டலமாக வந்தது. சிதறினதை ஈரம் காய்வதற்குள் ஸ்பாஞ்சால் எடுத்தார். பட்டறைச் சட்டையைக் கழற்றி ஈர வாளியில் போட்டுவிட்டுத்தான் நடைக்கு வந்தார். முன்னறையில் கறுப்புக் கோட்டுகள் கறுப்பாகவே இருந்தன. வக்கீல் வந்து நெஞ்சில் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் வராததில் கொஞ்சம் ஏமாற்றத்தோடு போனார்.

ஆனால் இரண்டு மணிக்கு வெயில் இறங்குவது அவருக்குத் தெரியாமலே போயிற்று. சுத்தமான காற்றில் வெளிச்சத்துக்கு உடம்பே இல்லை. கூரையில் ஒரு சதுரம், தரையில் ஒரு சதுரம். நடுவில் தூண் இல்லை. அவர் வாளிமேல் உட்கார்ந்து அந்த ஒன்றுமில்லாததையே பார்த்துக்கொண்டிருந்தார். நாலு நாளாக ஜாடிகள் எல்லாம் நேராக, மளிகைக் கடை டப்பா மாதிரி வந்துகொண்டிருந்தன.

ஐந்தாம் நாள் அவள் வாசலில் நின்று பார்த்தாள்.

"என்ன தேடுறீங்க?"

அவர் சொன்னார். யானையைச் சொன்னார், தோட்டத்தைச் சொன்னார், மாடிப்படி ஏறுபவரைச் சொன்னார். தாவணிப் பெண்ணை மட்டும் சொல்லவில்லை. சிரிப்பாள் என்று எதிர்பார்த்தார். அவள் சிரிக்காமல் போய்விட்டாள். திரும்பி வந்தபோது கையில் நீராவி இஸ்திரிப் பெட்டி இருந்தது. சுவர் பிளக்கில் சொருகி, சூடானதும், கூரைச் சதுரத்துக்கு நேர் கீழே நின்று பட்டனை அழுத்தினாள்.

புஸ்ஸென்று ஆவி எழும்பியது. எழும்பிய இடத்தில், இருந்தாற்போலிருந்து, தூண் வந்து நின்றது. வெள்ளையாக, நெளிந்துகொண்டு, பழைய தூசியைவிட மெதுவாக, பழைய தூசியைவிட மென்மையாக. கோப்பைக்காரர் வாளியிலிருந்து எழுந்துவிட்டார்.

"கப்பல்!"

"எங்கங்க?"

"அதோ. பாய்மரம் சாயுது பாரு."

அவளும் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். "எனக்குக் காலர் மாதிரி தெரியுது. கை இன்னும் வெட்டல."

"பாய்மரம்மா அது."

"காலருங்க. பின்னாடி கொஞ்சம் தூக்கலா இருக்கு. பிரிச்சுத் தெச்சா சரியாயிடும்."

ஆவி தீரும்வரை இரண்டு பேரும் நின்றார்கள். பிறகு அவள் மறுபடி அழுத்தினாள். ஒரு மணி நேரத்தில் அவர்கள் ஒரு கடலையும் மூன்று சட்டைகளையும் பார்த்து முடித்தார்கள். அன்றைக்குச் செய்த ஜாடிக்கு இடுப்பு வந்தது.

இவ்வளவும் நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் ஆண்பிள்ளை மனசு ஒரு இடத்தில் உறுத்திக்கொண்டே இருந்தது. கறுப்புத் துணியில் தோற்றார். மாஸ்க் கடையில் தோற்றார். மூன்றாவது வாளியில் தோற்றார். கப்பல்கூட அவள் தயவில்தான் வருகிறது. ஒரே ஒரு தடவையாவது அவள் மண்ணைக் கவ்வ வேண்டாமா?

நாலு மாதம் கழித்து அவருக்கு வழி கிடைத்தது. நெஞ்சு டாக்டர். படம் எடுத்துப் பார்த்துவிட்டு, உன் நெஞ்சு கண்ணாடி மாதிரி இருக்கிறது என்று டாக்டரே எழுதிக் கொடுத்துவிட்டால்? பதினாலு வருஷம் தூசியில் குளித்தவன் நெஞ்சு சுத்தமாக இருக்கிறதென்றால், தூசி சாதுவென்று ஆகிறதல்லவா? அப்புறம் வேண்டுமானால் அவரே பெரிய மனசு பண்ணி, ஈரத்துணியைத் தொடர்ந்து போடுவார். ஆனால் அது அவராகப் போடுவது. அதில்தான் விஷயம்.

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, வீட்டுப் போன் நம்பரைக் கொடுத்து, நேரம் வாங்கினார். மனைவியிடம் மண் வியாபாரியைப் பார்க்கப் போவதாகச் சொன்னார்.

"நல்ல சட்டை போட்டுக்கிட்டுப் போங்க," என்றாள் அவள். "வியாபாரி மதிப்பார்."

நெஞ்சு டாக்டர் வயசான அம்மாள். ஸ்டெதஸ்கோப்பை முன்னும் பின்னும் வைத்துக் கேட்டாள். இழுக்கச் சொன்னாள், நிறுத்தச் சொன்னாள், குழாயில் ஊதச் சொன்னாள். படத்தை வெளிச்சத்தில் மாட்டி வெகு நேரம் பார்த்தாள். கோப்பைக்காரர் நாற்காலி நுனிக்கு வந்தார். படத்தில் அவருடைய நெஞ்சு பனி படர்ந்த காடு மாதிரி, நிலா வந்த குளம் மாதிரி இருந்தது. அழகாகத்தான் இருந்தது. ஆனால் எது நல்ல அழகு, எது கெட்ட அழகு என்று தெரியவில்லை. அந்தக் கணத்தில் ஒரு சட்டையும் ஒற்றைக் கொக்கியும் அவர் ஞாபகத்துக்கு வந்தன. தர்க்கம் எல்லாம் மறந்து, நல்லபடியாக இருந்தால் போதும் என்று மட்டும் வேண்டிக்கொண்டார்.

"ஒண்ணும் இல்லைங்க," என்றாள் டாக்டரம்மா. "இப்ப வரைக்கும் நல்லா இருக்கு. பதினாலு வருஷம் இந்தத் தொழில்ல இருந்துட்டு... என்னங்க பண்றீங்க தூசிக்கு?"

உயிர் திரும்பி வந்த சந்தோஷம். எதிரே வியந்து பார்க்கும் ஒரு டாக்டர். கோப்பைக்காரரால் அடக்க முடியவில்லை.

"நான் எதையும் காஞ்சதா தொடுறதே இல்லைங்க. எல்லாம் ஈரம். தட்ட மாட்டேன், ஊத மாட்டேன், பெருக்க மாட்டேன். பட்டறைச் சட்டை பட்டறையோட. தோலோட ஒட்டுற மாஸ்க். அதுக்காகத் தாடியையே எடுத்தேன்னா பாத்துக்கங்க. கண்ணுக்குத் தெரியாத தூசிதாங்க ஆபத்து."

"அடடா! எங்கிட்ட வர்றவங்க எல்லாம் முடியாம ஆனப்புறம்தான் வர்றாங்க. இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தோணுச்சு?"

"யோசிப்பேங்க," என்றார் அடக்கத்தோடு.

டாக்டரம்மா மனம் நிறைந்து நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அதைப் படிக்கக்கூடப் பொறுமையில்லாமல் அவர் வீட்டுக்கு ஓடினார். முன்னறையில் அவள் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். அவர் நடுவில் நின்று, காகிதத்தை விரித்து, கோர்ட்டில் வக்கீல் வாசிப்பதுபோல் ஆரம்பித்தார்.

"மண் வியாபாரியைப் பாக்கப் போகல. நெஞ்சு டாக்டரைப் பாத்துட்டு வர்றேன். கேளு. 'நுரையீரல் நல்ல ஆரோக்கியத்துடன் இருக்கிறது.' கேட்டியா? பதினாலு வருஷம்! நல்ல ஆரோக்கியம்!"

அவள் ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. கோப்பைக்காரர் பயந்துபோய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் அழுது அவர் பார்த்தது அண்ணன் போன அன்றைக்கு மட்டும்தான்.

"நல்லா இருக்குன்னுதாம்மா எழுதியிருக்கு."

"தெரியுது," என்றாள் விரல்களுக்குள்ளிருந்து. கொஞ்ச நேரம் கழித்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மேல படிங்க," என்றாள்.

அடுத்த வரியை அவர் அப்போதுதான் பார்த்தார். பார்த்ததும் குரல் இறங்கிப் போயிற்று.

"மேல... கையெழுத்து புரியல."

அவள் காகிதத்தை வாங்கினாள். வெளிச்சத்துக்குப் பிடித்து, ஒரு சொல்கூடத் தடுக்காமல் படித்தாள். "'இவர் தற்போது கடைப்பிடிக்கும் பாதுகாப்பு முறைகளை ஆயுள் முழுவதும், ஒரு நாள்கூட விடாமல் தொடர வேண்டும். இவற்றை இவர் தம் வாயாலேயே எனக்கு விளக்கிச் சொன்னார்.'"

நடையில் கடிகாரம் அடித்தது. கோப்பைக்காரர் மழமழவென்ற தன் கன்னத்தைத் தடவிக்கொண்டார்.

அவள் காகிதத்தை நாலாக மடித்து, கத்தரிக்கோலுக்கு அடியில் பத்திரமாக வைத்தாள். பிறகு ஊசியைக் கையில் எடுத்தாள்.

"காலையில நீங்க கிளம்புறதுக்கு முன்னாடியே ஆஸ்பத்திரியிலேர்ந்து போன் வந்துச்சு, மறக்காம வரச் சொல்லி," என்றாள். "அடுத்த வருஷமும் இதே மாதிரி எனக்குத் தெரியாம போயிட்டு வாங்க. தேதி வாங்கி வெச்சுட்டேன்."